பதினான்கு வீடுகளுக்கு ஓர் ஒப்பந்தம்

அந்தக் கோப்பு என் பொறுப்புக்கு வந்ததற்கு ஒரே காரணம், அது அலுவலகத்துக்கு வந்த அன்று நான் விடுப்பில் இருந்தேன் என்பதுதான். ஒன்றிய அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஊழியர். கட்டட வேலைகளை அளந்து எழுதும் தொழில்நுட்ப உதவியாளர். யாருக்கும் வேண்டாத வேலை வந்தால், அன்றைக்கு வராதவர் பெயரை எழுதிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். மறுநாள் போய்ப் பார்த்தால் என் நாற்காலியில் எனக்கு முன்பே அது உட்கார்ந்திருந்தது.

"ஒன்னத் தேடித்தாம்மா வந்திருக்கு" என்றார் எங்கள் மேலாளர். ஓய்வுபெற அவருக்கு இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் புதிதாக எதிலும் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

நின்றபடியே கோப்பைப் புரட்டினேன். பழங்குடி மக்களின் வாழ்நிலையை மேம்படுத்துவதற்காக மத்திய அரசும் மாநில அரசும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. பணத்தில் பெரும்பகுதி அங்கிருந்து, மீதி இங்கிருந்து. எங்கள் ஒன்றியத்தில் அதற்குத் தகுதியானது என்று ஒரே ஒரு குடியிருப்பைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதினான்கு வீடுகள், ஒரு குடிநீர்க் குழாய், ஐந்து சூரிய விளக்குகள். எல்லாம் நிதியாண்டுக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். கூடவே ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தின் நகல். அதில் காடு என்ற சொல் இல்லாத பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் முதல் கட்டமே, "வனப்பகுதியிலிருந்து குடியிருப்பு அமைந்துள்ள தூரம்." எங்களுக்குக் கிழக்கே கடல். கடலுக்கு இந்தப் பக்கம் உப்பளம். அதற்கும் இந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும் ரோடு. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கடைசியில் ஒரு கோடு போட்டேன். கோடு ஏற்கத்தக்கதல்ல, எண் வேண்டும் என்று படிவம் திரும்பி வந்தது.

அந்தக் குடியிருப்பு மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளங்களின் ஓரத்தில் இருந்தது. காட்டுநாயக்கர் குடும்பங்கள் பதினான்கு. காடு அவர்கள் பெயரில்தான் இருந்தது. ஆண்கள் நகரத்தில் சாக்கடை அள்ளும் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். பெண்கள் உப்பளத்தில் கூலிக்கு உப்புச் சுமந்தார்கள். மழை பிடித்தால் அதுவும் கிடையாது. வீடு என்று இருந்தவை ஓலையும் தகரமும், கட்சிக் கூட்டம் முடிந்த பிறகு பிரித்துக்கொண்டு வந்த பிளக்ஸ் பேனர்களும். ஒரு வீட்டின் கூரையில் கல்யாண ஜோடி ஒன்று தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் வண்டியை நிறுத்தியதும் ஒரு பெண் எழுந்து வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு. உப்பில் நின்று நின்று குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அங்கிருந்த மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"எழுதாத பேப்பரு இருந்தா குடுங்க மேடம், அடுப்புப் பத்தவைக்கவாது ஆவும். எழுதுன பேப்பரு எங்ககிட்ட நெறய கெடக்கு."

உள்ளே போய் ஓர் அரிசிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். மனுக்கள், ஒப்புகைச் சீட்டுகள், "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்ற கடிதங்கள். சிலவற்றின் ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. மூன்று கலெக்டர்கள் மாறிப் போன கதையை அந்தச் சாக்குக்குள்ளிருந்தே எடுத்துச் சொல்லலாம்.

"இந்தத் தடவ அப்படி இல்ல. பணம் வந்திருக்கு" என்றேன்.

"பணம் வந்திருக்குன்னுதாம் மேடம் எல்லாரும் சொல்லுதாவ. எங்க வந்திருக்குன்னுதாம் யாரும் சொல்ல மாட்டுக்காவ."

எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்ய வந்தவளிடம் இப்படியா பேசுவது என்ற கோபம். இரண்டு மாதம் கழிந்ததும் அந்தக் கோபம் முழுவதும் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது.

வீடு வேண்டுமென்றால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். பதினான்கு குடும்பத்தில் ஒருவரிடமும் அது இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் பெற்றோரின் சான்றிதழைக் காட்ட வேண்டும். பெற்றோரும் இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பிள்ளைகள் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்போடு நின்றதற்கும் இதுதான் காரணம். ஒரு பெண் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும் நர்சிங் சேர முடியாமல் துணிக்கடையில் நின்றாள். அவள் இந்தத் தலைவியின் மகள்.

ஒப்பந்தக் கடிதத்தைக் காட்டி, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாரம் இரண்டு முறை நடந்து, ஒருவழியாக ஒரு விசாரணைக்கு நாள் வாங்கினேன். குளிரூட்டிய அறை ஒன்றில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைவியும் இன்னும் நான்கு பேரும் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

"காட்டுநாயக்கன்னா காட்டுலல்ல இருக்கணும்? இங்கன காடு எங்க இருக்கு?" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

கேட்டுவிட்டு முன்னாலிருந்த தாளைப் புரட்டினார்.

"தேன் எடுப்பீங்களா?"

"கடல்ல ஏதுய்யா தேனு?"

"ஒங்க பழக்கவழக்கம் எதையாவது சொல்லுங்க. சாமி பாட்டு இருக்குமே, ஒங்க பாஷையில? அதப் பாடுங்க பாப்போம்."

அவர்கள் வீட்டுக்குள் பேசும் மொழிக்கு எழுத்து கிடையாது. அந்த மொழியில் இருப்பதெல்லாம் பாட்டும் பேச்சும்தான். தலைவி நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஐயா, நீங்க ஒங்க சாதிய யாருக்காவது பாடிக் காட்டியிருக்கியளா?"

காரியம் கெட்டது என்று நினைத்தேன். அதிகாரியின் முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவி சட்டென்று கண்ணை மூடிப் பாடினார். இரண்டே அடி. அருளோடெல்லாம் பாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வரிசையில் நின்று ரேஷன் எண்ணைச் சொல்வதுபோல் பாடி முடித்தார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"எங்கய்யா செத்தன்னைக்குப் பாடுன பாட்டு மேடம். இங்கன வந்து பாட வச்சிட்டாவ."

என் சாதிச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று அன்று பேருந்தில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கிராம நிர்வாக அலுவலர் வெற்றிலை வாங்க வந்தபோது, "புள்ளைக்கு ஒரு சர்டிபிகேட்டு வேணுமே" என்றார் அப்பா. "அதுக்கென்ன அண்ணாச்சி" என்றார் அவர். இரண்டாம் நாள் கடைப் பையன் கையில் அது வந்துவிட்டது. ஒரு கேள்வி கிடையாது. நான் எதையும் பாடவில்லை.

பதினான்கு பேருக்கும் சான்றிதழ் வந்தது. அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அது நியாயமல்ல. ஆனால் அதற்குள் ஐந்து மாதம் ஓடியிருந்தது.

அடுத்தது நிலம். வீடு கட்டப்போகும் இடத்தில் நின்று கைப்பேசிச் செயலியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான் தலைவியை அவர் குடிசை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். "நீங்கள் குடியிருப்புப் பகுதியில் இல்லை" என்றது செயலி. வரைபடத்தில் அந்த இடம் முழுவதும் நீலமாக இருந்தது. உப்பளத் தண்ணீரைப் பார்த்து அதையும் கடலோடு சேர்த்துவிட்டிருந்தது. நாலடி தள்ளி நிறுத்தினேன், பத்தடி தள்ளி நிறுத்தினேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெயிலில் நகர்ந்து நகர்ந்து நின்றார்.

"என்ன மேடம் சொல்லுது?"

"நீங்க தண்ணிக்குள்ள நிக்கதா சொல்லுது."

"மழையில கழுத்து வரைக்கும் நின்னோம்லா, அன்னைக்கு யாரும் போட்டோ எடுக்க வரலயே."

இங்கே முடியாது என்றதும் மாற்று இடம் ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புதிதாக மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு நகரை ஒட்டி, அரசுப் புறம்போக்கு. நல்ல மேடான நிலம். செயலிகூட அதை நிலம் என்று ஒத்துக்கொண்டது. அளந்து கல் ஊன்றிய மூன்றாம் நாள் நகர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். சுகாதாரம் கெடும், பன்றி வளர்ப்பார்கள், பெண் பிள்ளைகள் நடமாட முடியாது என்று. மனுவின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றேன். அது என் கணவரின் அண்ணன் கையெழுத்து. அவருக்கு அங்கே இரண்டு மனைகள் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். கறிக்குழம்பு வாசம் வாசல் வரை வந்தது. என்னைப் பார்த்ததும் "வாம்மா, சாப்பிடு" என்றார். நல்ல மனிதர்தான். என் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர்.

"அத்தான், அந்த மனுவுல நீங்க ஏன் கையெழுத்துப் போட்டிய?"

"எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்."

"அவங்க ஒங்கள என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. நல்லவங்களாத்தான் இருப்பாவ. ஆனா அவங்க வந்தா பிளாட்டு வெலைக்குப் போவுமாம்மா? ஒன் வீட்டுப் பக்கத்துல குடுத்தா நீ சும்மா இருப்பியா?"

இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண நேரத் தயக்கத்தை அவர் கவனித்தார், நானும் கவனித்தேன். சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டில் என் கணவர், "ஆபீஸ் வேலைய ஆபீஸோட வச்சுக்க வேண்டியதுதான" என்றார். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த நிலத்தில் ஊன்றிய கற்களை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்று ஒரு வரி எழுதிக் கோப்பு திரும்பி வந்தது.

அதற்குள் நிதியாண்டின் கடைசி வாரங்கள் வந்துவிட்டன. மேலாளர் முதல் முறையாகச் சுறுசுறுப்பானார். பட்டா தேவைப்படாத வேலையையாவது முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். முதலில் போனது பெயர்ப் பலகை. சிமெண்ட் தூண்கள் இரண்டு நட்டு, ஆளுயரத்துக்கு மேல், எந்தத் திட்டத்தின் கீழ் இந்தக் குடியிருப்பு மேம்படுத்தப்பட்டது என்று எழுதிய பலகை. அந்த வட்டாரத்தில் கான்கிரீட்டால் ஆன முதல் கட்டுமானம் அதுதான். அடுத்த வாரம் ஐந்து விளக்குகள் வந்தன. குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுக்க வேறொரு துறையின் அனுமதி வேண்டுமாம்.

பிறகு, பணம் உரிய வேலைக்குச் செலவானது என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்று. பயனாளிகள் சார்பில் குழுத் தலைவி கையெழுத்துப் போட்டால்தான் அது மேலே போகும். மேலாளரே ஜீப்பில் வந்தார். பலகையின் நிழலில் நின்றுகொண்டு தாளை நீட்டினார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றார் தலைவி.

"கையெழுத்துப் போடத் தெரியும்லா? போடும்மா, டயம் ஆவுது."

"கையெழுத்துப் போடத் தெரியும். அதனாலதான் கேக்கேன்."

நான் வாங்கிப் படித்தேன். ஒப்பந்தத்தின்படி பணிகள் செவ்வனே நிறைவேற்றப்பட்டன என்றும், இக்குடியிருப்பு மக்களின் வாழ்க்கைத் தரம் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டுள்ளது என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன். படிக்கும்போதே என் குரல் இறங்கிக்கொண்டே போனது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"எங்கன மேம்பட்டிருக்கு, காட்டுங்க சார்" என்றார் தலைவி. "நானும் தேடிப் பாக்கேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "ஒரு பார்மாலிட்டி, எடுத்துச் சொல்லும்மா."

அந்த ஒரு வார்த்தையில் ஒரு வருட எரிச்சல் முழுக்க எனக்குத் தலைக்கேறியது. வெயில், அலைச்சல், திருப்பி அனுப்பிய படிவங்கள், பிடுங்கிப் போட்ட கற்கள், எல்லாம். "நான் என்ன சார் சொல்ல? அவங்க கேக்கதுல என்ன தப்பு?" என்றேன். ஒப்பந்த ஊழியர் மேலாளரிடம் பேசும் பேச்சல்ல அது.

தலைவி என் கைப்பையில் செருகியிருந்த பேனாவைத் தானாகவே எடுத்தார். தாளைப் பலகையின் தூணில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். விளக்கு வந்தது. தண்ணி வரல. வீடு வரல. அதற்குக் கீழே கையெழுத்து.

"படிவத்துல கைவைக்கக் கூடாதும்மா! இது செல்லாது!" என்று மேலாளர் கத்தினார். வேறு தாள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எழுதிய தாள் என் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனேன். அதை ஸ்கேன் செய்து பதிவேற்றினேன். பயன்பாட்டுச் சான்று என்ற கட்டத்தில் ஒரு தாள் இருக்கிறதா என்றுதான் கணினி பார்த்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பச்சை நிறத்தில் "வெற்றி" என்று வந்தது.

அதைப் படித்தது ஒரு மனிதர்தான். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேலாளர் எனக்கு மெமோ கொடுத்தார். நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அடுத்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. வந்தவர்களில் வயதான அம்மா ஒருவர், வரைபடம் எதையும் பார்க்காமல் குடிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு, "இந்த இடத்தை ஆளை வைத்து அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். யாரும் அளக்கவில்லை. செயலி தண்ணீர் என்றதும் எல்லோரும் தண்ணீர் என்று நம்பிவிட்டோம், நான் உட்பட. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நில அளவையர் வந்து சங்கிலி பிடித்தார். பதினான்கில் ஒன்பது குடிசைகள் வீடு கட்டத் தடையில்லாத சாதாரண நத்தம் நிலத்தில் இருந்தன. ஐந்து மட்டும் உப்பள எல்லைக்குள் இருந்தன. ஒன்பது பேருக்குப் பட்டா கிடைத்தது. பணம் திரும்பிப் போகாமல் காலக்கெடுவை நீட்டித்தார்கள். எனக்கு அந்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, காரணம் எழுதப்படவில்லை. இப்போது ஒரு தனியார் கட்டடப் பொறியாளரிடம் மதிப்பீடு போட்டுக் கொடுக்கிறேன். சம்பளம் கொஞ்சம் கூடுதல்.

போன தை மாதம் தலைவி போன் செய்தார். "மேடம், வீட்டுல பால் காய்ச்சுதோம். வாங்க." அப்போதும் மேடம்தான். அக்கா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. போனேன். வெள்ளையடித்த இரண்டு அறைகள், ஒரு கழிப்பறை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பதில் ஏழு வீடுகள் முடிந்துவிட்டன. பட்டா கிடைக்காத ஐந்து குடும்பங்கள் இன்னும் பிளக்ஸுக்குக் கீழேதான். அவர்களுக்காகத் தலைவி புதிதாக மனு எழுதியிருந்தார். அவரே எழுதியது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது.

நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். உள்ளே இருட்டாக இருந்ததால் இலையை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கரண்ட் குடுக்கலியா இன்னும்?"

"எங்க மேடம்? கரண்டு ஆபீஸ்ல கதவு நம்பரு கேக்காவ. கதவு நம்பருக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல போய் நின்னா, கரண்டு பில்லக் கொண்டா, வீடு இருக்குன்னு நாங்க எப்படி நம்பதுங்காவ."

என் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

"எந்த ஆபீஸ்ல சொன்னாங்க? யாரு சொன்னது?" என்றேன்.

"நீங்கதான் இப்ப அங்க வேலையில இல்லியே."

"அதனால என்ன? திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு ரெடியா இருங்க."

திங்கட்கிழமை மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். அன்றைக்கு அந்தப் பிரிவு அலுவலர் விடுப்பு. செவ்வாய்க்கிழமையும் போனோம்.